காற்று பின்னால் இருந்தால் கவனம் முன்னால் இருக்கட்டும்! பாய்மரப் படகுக்குப் புதுப் பாய் வாங்குவது எப்படி?

உடன்குடி என்றதும் கருப்பட்டிதான் நினைவுக்கு வரும். கருப்பட்டிக்குப் பனை வேண்டும். இங்கே பனை நிற்பது செக்கச்செவேலென்ற தேரி மணலில். அந்தத் தேரி மேடுகளைக் குவித்தது காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியாகப் புகுந்து, முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சமவெளியைத் தாண்டிக் கடலுக்குள் இறங்குகிற மேல்காற்று அது. கடலோரத்தில் அதற்குப் பெயர் கச்சான்.

உடன்குடியை அடுத்த மணப்பாட்டுக் கடலிலோ, குலசேகரன்பட்டினத்துக் கடலிலோ அந்தக் காற்றில் ஒரு பாயை விரித்தால் என்ன ஆகும்? துடுப்பும் வேண்டாம், டீசலும் வேண்டாம். படகு தானாகக் கிழக்கே ஓடும். பார்க்க இதைவிட எளிதான பயணம் இல்லை என்று தோன்றும்.

அனுபவசாலிகள் அதிகம் பயப்படுவது இந்த 'எளிதான' பயணத்துக்குத்தான்.

உலகம் முழுக்க பாய்மரப் படகில் நெடும்பயணம் போகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வருகிறது. பின்னாலிருந்து வீசும் காற்றுக்கென்று தனியாக ஒரு பாய் வாங்கலாமா? வாங்கினால் எது? கடைக்காரர் பெரும்பாலும் பாய் எவ்வளவு பெரியது, எவ்வளவு வேகம் தரும் என்பதைச் சொல்வார். வாங்குகிறவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: 'இதை எத்தனை பேர், எவ்வளவு நேரத்தில் இறக்க முடியும்?'

ஏன் அப்படி? நம் கடற்கரையின் கதையிலிருந்தே பார்க்கலாம்.

ஒரே பாயா, தனிப் பாயா?

காற்றைப் பயன்படுத்திக் கப்பல் ஓட்டுவது தமிழர்களுக்குப் புதிதல்ல. கரிகாலனைப் பாடிய வெண்ணிக்குயத்தியார், காற்றை ஏவல் கொண்டு கப்பல் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று அவனைப் புகழ்கிறார். புறநானூற்றின் 66-வது பாடல் அது.

நம் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் கட்டியது முக்கோணப் பாய். பாய்மரத்தின் குறுக்கே சாய்வாக நிற்கும் நீண்ட கழிக்குப் பருமல் என்று பெயர். பாயின் முனையிலிருந்து வரும் பிடிகயிறு தாமான். இந்த ஒரே பாயை வைத்துக்கொண்டு பக்கக்காற்றிலும் போகலாம், பின்காற்றிலும் போகலாம். சிக்கல் எங்கே என்றால், பின்காற்றில் திசை மாற்றும்போதுதான். பருமலையும் பாயையும் சேர்த்து பாய்மரத்துக்கு முன்புறமாகச் சுற்றி மறுபக்கம் கொண்டுபோக வேண்டும். ஆள்பலம் வேண்டும். ஒருவர் தாமானைத் தவறவிட்டால் பாய் மொத்தமும் எகிறிவிடும்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போன பாய்மரத் தோணிகள் இந்த வித்தையில் கரைகண்டவை. காற்றின் பருவம் பார்த்துப் புறப்படுவார்கள், பருவம் மாறும்போது திரும்புவார்கள். பின்னால் தோணிகளுக்கு இன்ஜின் வந்தது. மீனவர்களின் படகுகளுக்கும் வந்தது. பாய் மெல்ல மெல்லக் கரையேறியது. அந்தத் தோணிகளின் காலத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு, 2013-ம் ஆண்டு சாகித்ய அகாடமி விருது பெற்ற ஜோ டி குரூஸின் 'கொற்கை' நாவல் இருக்கிறது.

எதிர்க்கரையில், யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் இன்னொரு வழி இருந்தது. அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற 89 அடிக் கப்பலை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கினார். 'ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு சூயஸ், மத்தியதரைக் கடல் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, 1938 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள்.

அந்தக் கப்பல் 'பிரிகன்டைன்' வகை. முன்னால் நிற்கும் பாய்மரத்தில் குறுக்குவாட்டில் சதுரப் பாய்கள். அவை பின்காற்றுக்கு. பின்னால் நிற்கும் பாய்மரத்தில் நெடுக்குவாட்டுப் பாய். அது பக்கக்காற்றுக்கு. அதாவது, 'ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பாய்' என்ற ஏற்பாடு. இன்று சிறிய உல்லாசப் படகு வைத்திருப்பவர் பின்காற்றுக்கென்று தனிப் பாய் வாங்குவதும் இதே யோசனைதான். ஒரே வித்தியாசம், அன்னபூரணியில் பாயைச் சுருட்டப் பல கைகள் இருந்தன. இன்றைய படகில் பெரும்பாலும் கணவன், மனைவி இருவர்தான் இருப்பார்கள். அதிலும் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார்!

காற்று போடும் கண்கட்டு வித்தை

பைக்கில் போகும்போது பின்னாலிருந்து காற்று அடித்தால் காற்றே இல்லாததுபோல் இருக்கும். வண்டியைத் திருப்பினால்தான் முகத்தில் அறையும். படகிலும் அதே கதை.

ஒரு கணக்கு போடலாம். கடலில் காற்றின் வேகத்தை 'நாட்' அளவில் சொல்வார்கள். 1 நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பின்னாலிருந்து 20 நாட் காற்று வீசுகிறது. படகு அதே திசையில் 7 நாட் வேகத்தில் ஓடுகிறது. படகில் இருப்பவர் மீது படும் காற்று எவ்வளவு? வெறும் 13 நாட். சட்டை லேசாகப் படபடக்கும். அலையும் பின்னாலிருந்தே வருவதால் படகு மோதாமல் வழுக்கிக்கொண்டு போகும். 'ஆஹா, என்ன சுகம்' என்று தோன்றும்.

இப்போது ஒருவர் தண்ணீரில் விழுந்துவிட்டார். அல்லது எதிரே வலை மிதக்கிறது. படகைக் காற்றுக்கு எதிராகத் திருப்ப வேண்டும். திருப்பிய நொடியில் 13 நாட் காற்று, 20 நாட்டாகவோ அதற்கு மேலாகவோ மாறும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது பாயில் தரும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல். ஆக, 13-லிருந்து 20-க்கு ஏறும்போதே அழுத்தம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். சற்று முன் செல்லமாக இழுத்த அதே பாய் இப்போது படகையே சாய்க்கும்.

பின்காற்று தன் பலத்தை மறைத்துக்கொள்கிறது. அதனால் பாயை இறக்க வேண்டிய நேரம் எப்போதும் நாம் நினைப்பதைவிட முன்னால் இருக்கும். புதுப் பாய் வாங்கும்போது இதைத்தான் முதலில் மனதில் வைக்க வேண்டும்.

சந்தையில் என்னென்ன பாய்?

இருப்பதை வைத்தே சமாளிப்பது: புதுப் பாயே வாங்காமல், இருக்கிற முன்பாயை ஒரு பக்கமும் பெரிய பாயை மறுபக்கமும் விரித்துக்கொள்ளலாம். பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் இருக்கும். முன்பாய் சுருங்கிவிடாமல் ஒரு கழியால் தாங்க வேண்டும். செலவு குறைவு. நல்ல காற்றில் இதுவே போதும். காற்று மெலிந்தால் படகு தூங்கிவிடும்.

ஸ்பின்னாக்கர்: படங்களில் வண்ணவண்ண பலூன்போல் படகுக்கு முன்னால் உப்பி நிற்குமே, அதுதான். இரண்டு பக்கமும் ஒரே அளவு. நேர் பின்காற்றுக்கு மிகப் பொருத்தம். ஆனால் பாய்மரத்திலிருந்து நீளும் கழி, அதைப் பிடிக்க மேலும் கீழும் கயிறுகள், அவற்றைக் கவனிக்க ஆட்கள் என்று வேலை அதிகம்.

ஜெனக்கர்: ஸ்பின்னாக்கருக்கும் முன்பாய்க்கும் பிறந்த குழந்தை. ஒரு பக்கம் நீளம், மறுபக்கம் குட்டை. கழி தேவையில்லை; முன்முனையைப் படகின் மூக்கிலேயே கட்டிவிடலாம். குடும்பமாகப் பயணம் போகிறவர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். ஒரு குறை உண்டு. காற்று நேர் பின்னால் வந்தால் பெரிய பாயின் நிழலில் சிக்கித் துவண்டுவிடும். அதனால் நேராகப் போகாமல், காற்றுக்குச் சற்றுச் சாய்வாக வளைந்து வளைந்து போக வேண்டும். தூரம் கூடும், வேகமும் கூடும்.

இரட்டை முன்பாய்: ஒரே அளவிலான இரண்டு பாய்கள், இருபுறமும். பெரிய பாயை இறக்கிவிட்டு இவற்றை மட்டும் வைத்தே பெருங்கடல்களைக் கடப்பவர்கள் உண்டு. படகு பக்கவாட்டில் ஆடும்; வயிறு புரட்டும். ஆனால் சுருள் பொறியில் ஏற்றியிருந்தால், ஒரு கயிற்றை இழுத்து இரண்டையும் ஒன்றாகச் சுருட்டிவிடலாம்.

எது நல்லது? போட்டிக்கு ஒரு பதில், பயணத்துக்கு ஒரு பதில். சென்னையைச் சேர்ந்த கே.சி.கணபதியும் வருண் தக்கரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்ட '49இஆர்' வகைப் படகை எடுத்துக்கொள்வோம். அதன் பின்காற்றுப் பாய், மற்ற இரண்டு பாய்களும் சேர்ந்த பரப்பைவிடப் பெரியது. இரண்டே பேர் அதை நொடிகளில் ஏற்றி இறக்குவார்கள். ஆனால் அவர்கள் ஆண்டுக்கணக்கில் பயிற்சி எடுத்தவர்கள். கவிழ்ந்தால் தூக்க மீட்புப் படகு பக்கத்திலேயே இருக்கும். நெடும்பயணத்தில் கூப்பிடு தூரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

துணியில் இருக்கிறது சூட்சுமம்

பழைய பாய்கள் பருத்தித் துணி. ஈரம் குடித்துக் கனக்கும். இன்று பெரிய பாய்க்குப் பெரும்பாலும் டேக்ரான் எனப்படும் பாலியஸ்டர் துணி. அது இழுபடாமல் உருவம் காக்கும். பின்காற்றுப் பாய்க்கோ நைலான். நைலான் கொஞ்சம் நெகிழும். படகு அலையில் விழுந்து எழும்போது பாய் 'படார்' என்று வெட்டி இழுக்கும் அதிர்ச்சியை அந்த நெகிழ்வு வாங்கிக்கொள்கிறது. கட்டம் கட்டமாகத் தடித்த இழை ஓடும் 'ரிப்ஸ்டாப்' நெசவு என்பதால், ஓரிடத்தில் கிழிந்தாலும் கிழிசல் அந்தக் கட்டத்தைத் தாண்டிப் பரவச் சிரமப்படும்.

பின்காற்றுப் பாய்த் துணி எவ்வளவு லேசானது தெரியுமா? பரவலாகப் பயன்படும் முக்கால் அவுன்ஸ் வகை, சதுர மீட்டருக்குச் சுமார் 40 கிராம். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 80 கிராம். அதாவது தாளில் பாதி எடை! மெல்லிய காற்றிலும் உப்பி நிற்க இந்த லேசு வேண்டும். கொஞ்சம் பலத்த காற்றிலும் ஓட்ட நினைப்பவர்கள் ஒன்றரை அவுன்ஸ் துணியைக் கேட்பார்கள்.

நைலானுக்கு இரண்டு பகைவர்கள். ஒன்று வெயில். தேவையில்லாத நேரத்தில் மேல்தளத்தில் போட்டு வைத்தால் நம்மூர் வெயிலில் சீக்கிரமே சக்தி இழந்துவிடும். இன்னொன்று ஈரம். நனைந்த பாயை அப்படியே பையில் திணித்தால் பூஞ்சை பிடிக்கும், சாயம் ஒட்டும். பழைய பாயை வாங்குகிறவர்கள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசி ஓட்டைகள் தெரிகின்றனவா? மூன்று மூலைகளிலும் தையல் நூல் விட்டிருக்கிறதா? விரலால் அழுத்தினால் துணி தாளைப்போல் விட்டுவிடுகிறதா? கடைசிக் கேள்விக்கு 'ஆம்' என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேண்டாம்.

தாரிணி சொல்லும் பாடம்

இந்தியாவில் இந்த விஷயத்துக்கு மிகப் பெரிய சான்று, கடற்படையின் 'ஐஎன்எஸ்வி தாரிணி'. கோவாவில் கட்டப்பட்டு 2017 பிப்ரவரியில் கடற்படையில் சேர்ந்த 56 அடிப் படகு. அதன் பாய்மரம் 25 மீட்டர், ஏறக்குறைய எட்டு மாடிக் கட்டடத்தின் உயரம். பெரிய பாய், முன்பாய்கள், பின்காற்றுப் பாய்கள், புயல் பாய் என்று ஒவ்வொரு காற்றுக்கும் அதில் ஏற்பாடு உண்டு.

2017 செப்டம்பரில் ஆறு பெண் அதிகாரிகள் இதில் உலகைச் சுற்றக் கிளம்பி, 2018 மே மாதம் திரும்பினார்கள். அடுத்த முறை அந்த எண்ணிக்கை இரண்டானது. புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா. இருவர் மட்டும் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமேன்டில், நியூசிலாந்தின் லிட்டல்டன், ஃபாக்லாந்து தீவுகளின் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகங்களைத் தொட்டு, 25,000 கடல் மைல்களுக்கு மேல் கடந்து, 2025 மே 29 அன்று கோவா திரும்பினார்கள்.

அந்தப் பாதையைக் கவனித்தால் ஒன்று புரியும். மேற்கிலிருந்து கிழக்கே சுற்றியிருக்கிறார்கள். தென்கடலில் ஆண்டு முழுவதும் மேல்காற்று வீசும் என்பதால் அந்தப் பகுதியில் காற்று பெரும்பாலும் முதுகுப் பக்கம். உலகைச் சுற்றுகிற பாய்மரப் படகுகள் பலவும் இந்தத் திசையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதுதான்.

இரண்டே பேர் என்றால் என்ன அர்த்தம்? ஒருவர் ஓய்வெடுக்கும்போது படகு இன்னொருவர் பொறுப்பு. நள்ளிரவில், குளிரில், காற்று ஏறும்போது 'இப்போதே பாயைக் குறைக்கலாமா, இன்னும் பத்து நிமிடம் பார்க்கலாமா' என்ற முடிவு ஒருவருடையது. அந்த முடிவைப் பழக்கத்தில் கொண்டுவர அவர்கள் எடுத்துக்கொண்டது மூன்று ஆண்டுகள். உலகப் பயணத்துக்கு முன்பே இருவரும் 38,000 கடல் மைல் பயணம் செய்திருந்தார்கள். அதில் கோவாவிலிருந்து மொரீஷியஸின் போர்ட் லூயிஸ் வரை இருவர் மட்டுமே செலுத்திப் பார்த்த பயணமும் உண்டு. ஒத்திகை, பயணத்தைவிட நீளம்!

ஆர்டர் கொடுக்கும் முன்...

பாய் என்பது ரெடிமேட் சட்டை அல்ல, அளவெடுத்துத் தைக்கும் சட்டை. பாய்மரத்தில் ஏற்றுக்கயிறு தொங்கும் உயரம், பாய்மரத்திலிருந்து படகின் மூக்கு வரையிலான தூரம், பிடிகயிறு வந்து சேரும் பின்பகுதி இடம் ஆகிய மூன்றையும் அளந்து கொடுக்க வேண்டும். ஒரே நீளமுள்ள இரண்டு படகுகளுக்கு ஒரே பாய் பொருந்திவிடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது, இறக்கும் கருவி. 'சாக்' எனப்படும் நீளமான துணி உறை ஒன்று உண்டு. குடைக்கு உறை போடுவதுபோல. கயிற்றை ஒரு பக்கம் இழுத்தால் உறை மேலே போய் பாய் விரியும். மறுபக்கம் இழுத்தால் உறை கீழே வந்து பாயை விழுங்கிவிடும். இன்னொன்று, மேலிருந்து கீழாகப் பாயைச் சுற்றிக்கொள்ளும் சுருள் பொறி. உறையின் விலை பொதுவாகக் குறைவு. சுருள் பொறிக்குக் கைவேலை குறைவு. ஆனால் சரியாகப் பொருத்தாவிட்டால் பாதிச் சுற்றில் நின்றுவிடும். பட்ஜெட் இடித்தால் பாயின் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். இறக்கும் கருவியைக் குறைக்கக் கூடாது.

நிறத்திலும் விஷயம் இருக்கிறது. பளிச்சென்ற நிறம் அழகுக்காக மட்டும் அல்ல, தூரத்துக் கப்பலின் கண்ணில் படுவதற்காகவும்தான்.

வெள்ளோட்டம் எப்படி?

புது பைக் வாங்கியவுடன் யாரும் நேராகக் கொடைக்கானல் மலைப்பாதையில் ஏற்றுவதில்லை. பாய்க்கும் படிப்படியான வெள்ளோட்டம் வேண்டும்.

முதல் படி, கட்டிய இடத்திலேயே. காற்றே இல்லாத அதிகாலையில், துறையில் நிற்கும் படகில் பாயை உறையோடு ஏற்றிப் பார்க்க வேண்டும். உயரம் சரியா, கயிறு எங்காவது உரசுகிறதா, முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்துவிட்டு, உறையை ஒரு முறை முழுதாக ஏற்றி இறக்க வேண்டும். உரசுகிற கயிறு நடுக்கடலில் அறுந்துபோகும். அப்போது பாய் தண்ணீரில் விழுந்து, வலைபோல் விரிந்து படகையே பிடித்து நிறுத்திவிடும்.

இரண்டாம் படி, மென்காற்றில். 7 முதல் 10 நாட் வரை போதும். இலைகள் விடாமல் அசையும், சின்னக் கொடி விரிந்து பறக்கும், அந்த அளவுக் காற்று. வழக்கத்தைவிட ஓர் ஆள் கூடுதலாக இருப்பது நல்லது. அன்றைக்கு எவ்வளவு தூரம் போனோம் என்பது கணக்கே அல்ல. பாயை எத்தனை முறை இறக்கினோம் என்பதுதான் கணக்கு. குறைந்தது ஐந்து முறையாவது இறக்கி ஏற்றுங்கள்.

இறக்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. படகைக் காற்றோடு நன்றாகத் திருப்பி, புதுப் பாயைப் பெரிய பாயின் நிழலுக்குள் கொண்டுவர வேண்டும். பிடிகயிற்றைத் தாராளமாக விட்டுப் பாயைத் தளர்த்த வேண்டும். பாய் துவண்டதும் உறையை இழுக்க வேண்டும். காற்று நிறைந்த பாய்மேல் உறையை இழுத்தால் ஆளே தூக்கப்படுவார். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது.

மூன்றாம் படி, திசை மாற்றுதல். பின்காற்றில் திசை மாற்றும்போது பெரிய பாயின் கீழே இருக்கும் 'பூம்' என்ற நீண்ட கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பாயும். வேண்டுமென்று மாற்றினால் கட்டுப்பாட்டில் இருக்கும். சுக்கான் பிடித்தவர் அசந்த நேரத்தில் தானாக மாறினால், அந்தக் கட்டை தலையில் அடித்து உயிரையே எடுக்கும். அதனால் அதை முன்பக்கமாக ஒரு கயிற்றால் கட்டி வைப்பது பின்காற்றுப் பயணத்தின் கட்டாய விதி.

நான்காம் படி, உண்மையான ஆள்கணக்கில். கூடுதல் ஆளைக் கரையில் விட்டுவிட்டு, வழக்கமாகப் போகும் இருவர் மட்டும் செய்து பார்ப்பது. பிறகு ஒருவர் சுக்கானில் இருக்க, மற்றவர் தனியாக இறக்கிப் பார்ப்பது. அதன்பின் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு இருட்டில் ஒருமுறை. இதில் எந்தப் படியில் திணறினாலும் பாய் படகுக்குப் பெரியது, அல்லது பயிற்சி போதவில்லை.

கடைசியாக, ஓர் எண். 'படகில் நம்மீது படும் காற்று இத்தனை நாட் ஆனால் பாய் இறங்கும்' என்று கரையிலேயே முடிவு செய்து, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி ஒட்டிவிட வேண்டும். துணியின் எடையும் படகின் அளவும் பார்த்து, பாய் தைப்பவர் ஓர் எல்லையைச் சொல்வார். புதியவர்கள் அதற்கும் கீழே வைத்துக்கொள்வது நல்லது. அந்த எண் வந்துவிட்டால் விவாதமே கிடையாது. 'குறைக்கலாமா' என்ற நினைப்பு வந்தாலே குறைத்துவிடு என்பது உலகெங்கும் பாய்மரக்காரர்கள் சொல்லும் விதி.

பாய்மரம் முறிந்த கரை

மணப்பாட்டுக்கு வருகிறவர்கள் மணல் குன்றின் மேல் இருக்கும் திருச்சிலுவை ஆலயத்தைப் பார்க்காமல் போவதில்லை. 1581-ல் கட்டப்பட்ட ஆலயம். அதன் தொடக்கக் கதையே ஒரு பாய்மரத்தில்தான் இருக்கிறது. 1540-ல் புயலில் சிக்கிய ஒரு போர்ச்சுக்கீசியக் கப்பலின் பாய்மரம் முறிந்தது. உயிரோடு கரை சேர்ந்தால் அந்த மரத்தில் சிலுவை செய்து நடுவதாக கேப்டன் வேண்டிக்கொண்டார். இங்கே கரை ஒதுங்கியதும் அப்படியே நட்டார் என்பது தலைமுறைகளாகச் சொல்லப்படும் வரலாறு.

ஐந்து நூற்றாண்டுகளில் படகும் துணியும் மாறிவிட்டன. கடல் மாறவில்லை. 2018 செப்டம்பர் 21 அன்று, 'கோல்டன் குளோப்' போட்டியில் தனியாளாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் படகு தென்னிந்தியப் பெருங்கடலில் புயலில் புரட்டப்பட்டது. பாய்மரம் முறிந்தது; அவருக்கு முதுகெலும்பில் பலத்த காயம். மூன்று நாள் கழித்து ஒரு பிரெஞ்சுக் கப்பல் அவரை மீட்டது. அதே மனிதர் 2022-ல் மீண்டும் அதே போட்டியில் இறங்கி, 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். அவ்வளவு அனுபவம் உள்ளவரையே கடல் புரட்டிப் போடும் என்றால், புதுப் பாயோடு முதல் முறை இறங்குகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

இந்தக் கரைக்கு என்று தனியாக ஒரு எச்சரிக்கையும் உண்டு. கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. கரையோரம் கடல் குளம்போல் அமைதியாகத் தெரியும். ஏனென்றால் அலை எழும்ப அங்கே தூரம் இல்லை. உள்ளே போகப் போகத்தான் காற்றும் அலையும் ஏறும். பின்காற்றில் ஒரு மணி நேரத்தில் கடந்த தூரத்தை, எதிர்க்காற்றில் திரும்பிக் கடக்கப் பல மணி நேரம் ஆகலாம். முன்னே போனால் மன்னார் வளைகுடா, அதற்கப்பால் இலங்கை. எல்லை தாண்டிவிடும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும்.

ஆகவே, வெள்ளோட்டத்துக்கு முதல் விதி: முதலில் காற்றை எதிர்த்துக் கஷ்டப்பட்டுப் போங்கள், திரும்பும்போது பின்காற்றில் பாயை விரித்து வாருங்கள். களைத்துப்போன நேரத்தில் வீட்டுப் பக்கம் காற்று தள்ளுவதுபோல் திட்டமிட வேண்டும். அப்படித் திட்டமிட முடியாத நாளில், அதாவது கச்சான் பலமாக இருக்கும் நாளில், பாய் பையிலேயே இருக்கட்டும்.

புறப்படும் முன் வானிலை ஆய்வு மையத்தின் காற்று எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பையும் செல்போனிலேயே பார்த்துவிடலாம். உயிர்காப்பு உடை எல்லோருக்கும் கட்டாயம். ஆபத்தில் கடலோரக் காவல் படையை அழைக்க 1554 என்ற இலவச எண் இருக்கிறது. பாய்மரம் கற்க ஆர்வம் உள்ளவர்களுக்குச் சென்னையில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கின்றன.

வாங்கும் முன் ஐந்து கேள்விகள்

1. என் படகில் வழக்கமாக எத்தனை பேர்? அதில் ஒருவர் தூங்கினால், மற்றவர் தனியாக இந்தப் பாயை இறக்க முடியுமா?

2. நான் போகும் கடலில் எந்த மாதம் எந்தக் காற்று? நேர் பின்காற்றா, சாய்ந்த காற்றா?

3. இந்தத் துணி தாங்கும் காற்றின் எல்லை என்ன? அதை எழுதித் தருவார்களா?

4. உறையா, சுருள் பொறியா? அது இடையில் சிக்கிக்கொண்டால் இரண்டாவது வழி என்ன?

5. கிழிந்தால் தைக்க அருகில் ஆள் உண்டா? ஒட்டுத் துணியும் ஊசி நூலும் கூடவே வருமா?

ஐந்துக்கும் பதில் கிடைத்துவிட்டால் பணத்தை எடுத்து வைக்கலாம். இரண்டு பாய்கள் பிடித்திருந்து எதை வாங்குவது என்று குழப்பமாக இருந்தால், சிறியதை வாங்குங்கள். வேகம் கொஞ்சம் குறைவாக இருக்கும், அவ்வளவுதான். துறைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்வதில் நஷ்டம் எதுவும் இல்லை.